பெரியம்மாவின் மகள் காட்டிய கிணறு

எனக்கு இந்தத் தையோடு அறுபத்தொன்பது முடிந்துவிட்டது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. தம்பியின் பெண்சாதி செத்த பிறகு அவன்ரை இரண்டையும் நான்தான் தூக்கினனான். ஆறும் இன்றைக்கு நல்லாய் இருக்குதுகள், ஒன்றும் பிறத்தியாரிட்டைக் கை நீட்டவில்லை. பள்ளிக்கூடம் நான் மூன்றாம் வகுப்பு மட்டும். எழுத்துப் பிழை இருக்கும், அதை ஒருவரும் எனக்குச் சொல்லிக் காட்ட வேண்டாம். கதையிலே பிழை இருந்தால் சொல்லுங்கோ. அது இராது.

இதை எழுத வேண்டி வந்தது எங்கடை செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தாலே. இங்கே சுவிசிலே ஓஸ்டர்முண்டிகன் மண்டபத்தில் நாங்கள் கிழடுகள் தேத்தண்ணி குடிக்கக் கூடுவது, நீங்களும் அங்கேதானே இருந்தனீங்கள். சண்டை நின்று சமாதானம் என்று பாதை திறந்த கையோடு ஊருக்குப் போய் வந்த நேர்ஸ் அக்கா, அன்றைக்குக் கமராவைக் கையில் வைத்து ஒவ்வொன்றாய்க் காட்டிக்கொண்டு வந்தவ. நெடுந்தீவுக்கும் போனவவாம். ஒரு படம் வந்ததும் என்னட்டை நீட்டினவ.

"எணை, இது உங்கடை பக்கத்துக் கிணறு தானே? எவ்வளவு பெரிய கட்டு! ஆனால் ஒரு சனம் அள்ளுறேல்லை. குதிரையள்தான் தொட்டியிலை வாய் வைச்சுக்கொண்டு நிக்குதுகள். ஏனணை?"

"எனக்குத் தெரியாது," என்றனான்.

தீவைப் பற்றிக் கேட்டு நான் தெரியாது என்று சொன்னதை அன்றைக்குத்தான் நீங்கள் கேட்டிருப்பீங்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. அதற்குள் ஆண்டு மலர் கதை வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு ஊரைப் பற்றி எழுத வேணும், தீவை ஆர் எழுதுவது என்று ஒரு கேள்வி. நான் வாய் திறக்க முந்தி மூன்று நாலு பேர் ஒன்றாய்ச் சொன்னீங்கள்: "லுசேர்ண் அக்காவைக் கேப்பம். அவ படிச்சவ, வடிவாய் எழுதுவா."

நான் கதிரையிலே இருக்கிறேன், உயிரோடு. என்னைத் தாண்டி லுசேர்ணுக்குப் போகுது உங்கடை கை.

லுசேர்ண் பட்டணத்திலே இருக்கிற அந்த அக்கா என்ரை பெரியம்மாவின் மகள். தீவிலே அவ இருந்தது ஒரே ஒரு சோளகக் காற்றுக் காலம், வைகாசியிலே இருந்து ஆவணி வரைக்கும். நான் அங்கே பிறந்து, அங்கே கட்டி, நாலையும் அங்கே பெற்றனான். முதலில் தீவைச் சொல்கிறேன். பிறகு அவவைச் சொல்கிறேன்.

எங்கடை தீவிலே மலை இல்லை, ஆறு இல்லை. ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தது போலக் கிடக்கும். கடலுக்குள்ளே இருந்து வந்த முருகைக்கல்தான் நிலம், அதுதான் வேலி. சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, கல்லுக்கு மேலே கல்லை வைத்துக்கொண்டே போவது. காற்று ஊடாலே போகும், ஆடு போகாது. இங்கே சுவிசிலே தோட்டத்தைச் சுற்றிச் செடியை வெட்டி வேலி என்று வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

குதிரை இருக்குது. பறங்கி கொண்டுவந்தான் என்பார்கள், ஒல்லாந்தன் பெருக்கினான் என்பார்கள், பிறகு வந்த வெள்ளைக்காரத் துரை பிடித்து விற்றான் என்பார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். குதிரைகள் தெற்கு வெளியிலே நிற்குதுகள், ஒருவனுக்கும் சொந்தமில்லாமல். இடிந்த கோட்டை இருக்குது. வயிறு ஊதின பெருக்கமரம் ஒன்று இருக்குது, அதன் பொந்துக்குள்ளே நாங்கள் நாலு பெட்டையள் ஒன்றாய் நிற்கலாம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தார் எங்களைத் "தீவார்" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்லுவினம். சொல்லட்டும். நெய் வேணுமென்றால் எங்கடை வத்தை எப்ப வரும் என்று கரையிலே காத்து நின்றதும் அவைதான்.

ஒரு குறை சொன்னால் தண்ணிதான். உங்களுக்குக் கிணறு என்றால் துலாவும், வாழையும், வெங்காயமும். எங்களுக்குக் கிணறு என்றால் உப்புக் கரிக்கிற சவரா, நல்லதா என்ற ஒரே கேள்வி. எங்கடை பகுதிக்கு நாலு கிணறு. மழை முடிந்து தை, மாசியிலே நாலும் நல்ல தண்ணி. சோளகக் காற்று ஏற ஏற ஒவ்வொன்றாய்ச் சவராகும். வீட்டுக்குக் கிட்ட, கோயில் காணியிலே இருந்தது நாகதாளிக் கிணறு. ஆனி பிறக்கச் சாடையாய் மாறும், ஆடியிலே பருப்பு அவியாது. தெற்கே ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல், தூரத்திலே இருந்தது கட்டைக் கிணறு. சின்னக் கிணறு, ஓரம் உடைந்தது, பார்க்க ஒரு வடிவும் இல்லை. ஆவணி முடியும் மட்டும் இனிக்கும்.

இதை நாக்காலேதான் அறிவது. வெறும் வயிற்றிலே, வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு மிடறு எடுத்து வைத்திருக்க வேணும். நுனி நாக்கு பொய் சொல்லும். விழுங்கின பிறகு கடைவாயிலே ஒரு கரகரப்பு நின்றால், சவர் ஏறத் தொடங்கிவிட்டது. ஒன்பது வயதிலே அந்தப் பகுதியிலே என்னைப் போல அதைக் கண்டு சொல்ல ஒருத்தியும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த வருசம் வைகாசியிலே பெரியம்மாவுக்கு வயிற்றிலே பிள்ளை, உடம்பு சரியில்லை. பெரியப்பா யாழ்ப்பாணம் அரசாங்கக் கச்சேரியிலே கிளாக்கர். கடல் பெருக்க முந்தி மகளை வத்தையிலே ஏற்றி எங்களிட்டை அனுப்பிவிட்டார். என்னைவிட மூன்று வயது மூப்பு. தகரப்பெட்டி, குடை, காலிலே செருப்பு, சந்தனச் சோப்பு மணம். வழி முழுக்கச் சத்தி எடுத்தவவாம். சத்தி எடுத்த முகமும் வடிவாய் இருந்தது, அதைத்தான் என்னாலே தாங்க ஏலவில்லை.

முடி முழங்கால் மட்டும். சவர்த் தண்ணி பட்டால் சிக்குப் பிடிக்கும் என்று அம்மாவுக்குக் கவலை. "அக்கா தலை முழுக நல்ல தண்ணி ரெண்டு குடம் கொண்டு வாடி" என்பா. நாங்கள் குடிக்க மட்டும் வைத்திருக்கிற தண்ணி, கட்டைக் கிணற்றுத் தண்ணி. நான் இடுப்பிலே சுமந்துகொண்டு வருவேன், அது அவவின்ரை தலையிலே ஊற்றி மண்ணுக்குப் போகும். என்ரை முடியை அம்மா ஒட்ட வெட்டிவிட்டிருந்தவ, பேன் என்று.

அவ வந்த அதே வத்தையிலே வந்தவர் சேவயர். நிலம் அளக்கிற அரசாங்க உத்தியோகத்தர். மூன்று கால் வைத்த பித்தளைக் கருவி, நீளச் சங்கிலி, அதோடு ஒரு பெரிய சாடி நிறைய யாழ்ப்பாணத்துத் தண்ணி. பள்ளிக்கூடத்திலே தங்கினவர். எங்கடை பகுதிக்கு அரசாங்கம் ஒரு பெரிய கிணறு கட்டித் தரப் போகுது, எந்த இடத்திலே கட்டுவது என்று பார்க்க வந்தவர்.

ஆம்பிளையள் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டார். ஒவ்வொருவரும் தன்ரை காணிக் கிணறுதான் திறம் என்று சத்தம் போட்டினம். சேவயருக்கு அலுத்துப் போச்சு.

"உங்களைக் கேட்டுப் பிரயோசனமில்லை. சின்னப்பிள்ளை பொய் சொல்லாது. தண்ணி அள்ளுற ஒரு பிள்ளையைச் சொல்லுங்கோ."

நான் முன்னுக்குப் பாய்ந்தனான். "ஐயா, நான் சொல்லுவன்!"

தகப்பனை நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிடுவது. அப்பு என்ரை தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். "நீ சும்மா இரடி, வாயாடி. உனக்கு எழுத வருமோ? கிளாக்கர் மகள் நிக்கிறா, அவ எழுதித் தருவா."

சேவயருக்கு அவவை வத்தையிலே தெரியும், புத்தகமும் கையுமாய் இருந்த பிள்ளை. ஒரு கொப்பியை அவவின்ரை கையிலே கொடுத்தார். பத்து நாள் நாலு கிணற்றிலும் குடித்துப் பார்த்து எழுத வேணும். கடைசிப் பக்கத்திலே, ஆவணி முடியும் மட்டும் சவர் ஏறாத கிணறு எது என்று எழுத வேணும். என்னைப் பார்த்துச் சொன்னார், "நீ அக்காவுக்கு வழி காட்டு."

தண்ணியை ஆர் அறிவினம்? சுமக்கிற பொம்பிளையள். அங்கே நின்ற ஒரு ஆம்பிளைக்கும், எங்கடை அப்புவுக்கும், அது தோன்றவில்லை. என்ரை அம்மா அடுப்படியிலே நின்றவ. அவவை ஒருவரும் கூப்பிடவில்லை.

பத்து நாள் நடந்தோம். விடியப் போவோம், வெறும் வயிறு. குதிரை நின்ற வெளியைக் கடக்கிற போது அவ என்ரை சட்டையைப் பிடித்துக்கொள்ளுவா. "கடிக்குமோ?" என்பா. "உங்களைப் போல வடிவான ஆக்களை மட்டும் கடிக்கும்," என்பேன். கோட்டைச் சுவரிலே ஏறிக் கடலைக் காட்டினனான். கல்வேலியிலே கால் வைக்கத் தெரியாமல் செருப்பு அறுந்து, அதைக் கையிலே தூக்கிக்கொண்டு வந்தவ. ஒரு இடத்திலே நான் விழுந்து முழங்கால் கிழிய, தன்ரை பாவாடைக் கரையைக் கிழித்துக் கட்டினவ. அதையும் எழுதத்தான் வேணும்.

முதல் நாளே சொன்னவ. "எனக்கு எல்லாம் ஒரே சவராய்த்தான் கிடக்கு. உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு, நான் எழுதுறன்."

சொன்னனான். எட்டு நாளும் உள்ளதைச் சொன்னனான். அந்தக் கொப்பி முழுக்க என்ரை நாக்கு.

ஒன்பதாம் நாள் பின்னேரம் சேவயர் கொப்பியைப் பார்த்தார். சனத்துக்கு முன்னாலே தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பிறகு தன்ரை சட்டைப் பையிலே இருந்து ஒரு பென்சில் எடுத்தார். ஒரு பக்கம் சிவப்பு, மற்றப் பக்கம் நீலம். அப்படி ஒன்றை நான் அது வரைக்கும் கண்டதில்லை.

"இந்தப் பிள்ளைக்குத் தங்க நாக்கு," என்று சொல்லி அவவிட்டைக் கொடுத்தார்.

அவ ஏதோ சொல்ல வாயெடுத்தவ. என்னைத் திரும்பிப் பார்த்தவ. அதற்குள் அப்பு, "கச்சேரிக் கிளாக்கரின்ரை மகள் எல்லோ!" என்று தொடங்கிவிட்டார், மற்றவையும் சேர்ந்துவிட்டினம். இன்றைக்கு யோசித்தால் அவ என்ன சொல்ல வந்தவ என்று விளங்குது. அன்றைக்கு நான் பார்த்தது பென்சில் பிடித்த அந்தக் கையை மட்டும்.

அடுத்த நாள் விடிய கட்டைக் கிணற்றடியிலே இருந்து அவ கடைசிப் பக்கத்தை விரித்தவ, நீலப் பக்கத்தைக் கூர் தீட்டி.

"சொல்லு. ஆவணி மட்டும் நிக்கிறது எது?"

"நாகதாளி," என்றனான்.

"இது இல்லையோ? இதுதானே நல்லாய் இருக்கெண்டு ஒவ்வொரு நாளும் சொன்னனீ?"

"இப்ப நல்லாய்த்தான் இருக்கும். ஆடியிலை மாறிப்போடும். நாகதாளிதான் நிக்கும். உங்களுக்கு என்ன தெரியும், எழுதுங்கோ."

எழுதினவ.

ஊருக்குத் தண்ணி இல்லாமல் போகட்டும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தது இது: பின்னேரம் சேவயர் கேட்பார், அவ "நாகதாளி" என்று வாசிப்பா, நிற்கிற சனம் எல்லாம் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும். "நாகதாளியோ! ஆடியிலை மாடும் குடியாதே!" என்று ஆராவது கத்துவினம். சேவயர் ஒரு வாய் குடித்துத் துப்புவார். தங்க நாக்குக் கறுத்துப் போகும். அப்ப நான் முன்னுக்கு வந்து சொல்லுவேன், கட்டைக் கிணறு என்று. பென்சில் கை மாறும்.

பின்னேரம் அவ வாசித்தவ. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றனான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆம்பிளையளுக்குச் சந்தோசம். கோயில் காணிக் கிணறு, ஒருவன்ரை காணியும் வெல்லவில்லை, ஒருவன்ரையும் தோற்கவில்லை, வீட்டுக்கும் கிட்ட. "ஓம், ஓம், அதுதான் சரி," என்றினம். சேவயர் குடித்துப் பார்ப்பார் என்று நின்றேன். அவர் ஆளைக் கூப்பிட்டுத் தன்ரை சாடியிலே இருந்து ஒரு குவளை தண்ணி வாங்கிக் குடித்தார். தீவிலே இருந்த அத்தனை நாளும் மனிசன் எங்கடை தண்ணியிலே ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. எனக்கு அது அப்பதான் தெரிந்தது. கொப்பியை மூடிப் பையிலே வைத்தார்.

நான் முன்னுக்கு வரவில்லை. வந்திருந்தால் பொய்க்காரி என்று அப்பு தோலை உரித்திருப்பார். அதைவிட, "பாவம், சின்னப்பெட்டை, எரிச்சலிலே சொல்லுறாள்," என்று சனம் சொல்லியிருக்கும். அது என்னாலே ஏலாது.

அவ ஆவணியிலே திரும்பிப் போனவ. மாரி முடிய வேலைக்காரர் வந்து நாகதாளியடியிலே முருகையை உடைத்தினம். அம்மா குடத்தோடு அந்த வழியாலே வந்து, நின்று பார்த்தவ.

வீட்டுக்கு வந்து அப்புவிடம் கேட்டவ. "என்னப்பா, உதையோ கட்டினம்? உது ஆடியிலை சவராய்ப் போகும் எண்டு பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே!"

"நீ பொத்து. படிச்ச பெட்டை பத்து நாள் குடிச்சுப் பாத்து எழுதினது. அரசாங்கத்துக் கொப்பியிலை ஏறியாச்சு."

"கட்டைக் கிணத்தை விட்டிட்டு..."

"உனக்கு நாலு எழுத்துத் தெரியுமோ?"

நான் மூலையிலே பனையோலை கிழித்துக்கொண்டு இருந்தனான். அம்மா என்ரை பக்கம் திரும்பினவ. "நீயும் கூடப் போனனீ. நீயாவது சொல்லியிருக்கலாம்தானே?" நான் ஓலையைக் கிழித்தேன்.

வடிவான கிணறு. வட்டக் கட்டு, படி, மாட்டுக்குத் தொட்டி. அந்த ஆடியிலே அம்மா முதல் வாய் எடுத்துத் துப்பினவ. பிறகு ஒவ்வொரு நாளும் காலையும் பின்னேரமும் அந்தக் கட்டைத் தாண்டி, ஒன்றரைக் கட்டை நடந்து பழைய கிணற்றுக்குப் போனவ, வயிற்றிலே தம்பியோடும் போனவ. தாண்டுகிற போதெல்லாம் ஒரு வசனம்: "அந்தப் பட்டணத்துப் பெட்டையின்ரை வாய் விளங்காமல் போக." நான் பின்னாலே சின்னக் குடத்தோடு. எத்தனையோ தரம் சொல்ல வாயெடுத்தேன் என்று எழுதலாம். பொய். ஒரு தரமும் எடுக்கவில்லை.

வத்தையிலே ஆள் விட்டு அம்மா தன்ரை தமக்கையைக் கண்டபடி பேசினவ. தமக்கை திருப்பிப் பேசினவ. அதோடு இரண்டு வீடும் கதைக்கிறதில்லை. அவ பிறகு தீவிலே கால் வைக்கவில்லை. எங்கடை பகுதிப் பொம்பிளையள் எல்லாருக்கும் அவ "தண்ணியைக் கெடுத்தவள்." ஒரு சொல், "சொல்லித் தந்தது அவள்தான்" என்று ஒரு சொல் அவ சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்து யோசித்தே நான் அவவிலே எரிச்சல் பட்டனான். அவ ரீச்சராய் வந்தபோதும் எரிச்சல். அவவுக்கு நல்ல மனிசன் வாய்த்தபோதும் எரிச்சல். இந்தக் குளிர் நாட்டுக்கு மகன் அவவைக் கூப்பிட்டபோது, எனக்கு முந்திப் போய்விட்டா என்று எரிச்சல்.

மூன்று வருசத்துக்கு முந்தி அட்லிஸ்வில் முருகன் கோயிலிலே கண்டோம். மகன் லுசேர்ணிலே ஒரு ஹோட்டல் குசினியிலே வேலை. அவவுக்கு எழுபது ஆகப்போகுது என்று ஆரும் சொல்லேலாது. முடி இன்னும் கொண்டை கொள்ளாது. என்னைக் கட்டிப் பிடித்தவ. சாப்பாட்டு வரிசையிலே நின்ற போது, பைப்பைத் திறந்து ஒரு கோப்பையிலே தண்ணி பிடித்து என்னட்டை நீட்டினவ.

"குடிச்சுப் பார். எந்தக் கிணறு எண்டு சொல்லு பாப்பம்."

பின்னாலே நின்ற ஆக்கள் என்ன ஏது என்று தெரியாமல் சிரித்தினம். நான் குடித்தேன்.

"சுவிஸ் தண்ணி," என்றனான்.

"நீ சொன்னால் சரிதான். நான் இப்பவும் உன்ரை நாக்கைத்தான் நம்புறன்," என்றவ. கண் முழுக்கச் சிரிப்பு. நையாண்டியோ, அன்போ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

இப்ப மலருக்கு அவவைத்தான் கேட்பது என்று நீங்கள் முடிவெடுத்து, நேர்ஸ் அக்கா ரெலிபோன் போட்டவ. என்ரை வீட்டிலே இருந்துதான் போட்டவ, சத்தம் வெளியிலே கேட்டது.

"நானோ?" என்றவ அங்கே இருந்து. "எனக்குத் தீவைப் பற்றி என்னம்மா தெரியும்? பத்து நாள் அவளுக்குப் பின்னாலை நடந்தனான், அவ்வளவுதான். அவளைக் கேளுங்கோ. அவள் சொன்னால் ஒரு பிழையும் இராது."

பார்த்தீங்களோ? எழுதுகிற இடத்தையும் அவதான் எனக்குத் தூக்கித் தந்தா. பிச்சை மாதிரி.

ஆனபடியால் எழுதிவிட்டேன். அந்தக் கிணறு சவரானது அவவாலே இல்லை. என்னாலே. அவவுக்கு நான் பொய் சொல்லிக் கொடுத்தனான், அவ நம்பி எழுதினவ. என்ரை அம்மா அதைத் தெரியாமல்தான் செத்தவ. தீவு ஆக்கள் ஆராவது இதை வாசித்தால், அவவைப் பேசினதைத் திருப்பி எடுங்கோ. என்னைப் பேசுங்கோ, நான் கேட்டுக்கொண்டு இருப்பன்.

அறுபது வருசமாய் வாயைப் பொத்தி வைத்திருந்தது பெரிய குணம் என்று நீங்கள் அவவைத்தான் மெச்சுவீங்கள். தெரியும். மெச்சுங்கோ. ஆனால் இனி அவ என்னைக் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. அதை நானே எடுத்துப்போட்டன்.

பேத்தி பக்கத்திலே இருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எழுதுகிற போதே எட்டி எட்டிப் பார்த்தவள், இப்ப கேட்கிறாள்:

"அப்பம்மா, லுசேர்ண் அம்மம்மா பாவம், என்ன?"

"பாவமோ இல்லையோ, அதை உன்னைக் கேக்கேல்லை. இந்தா பிடி. முதலிலை இருந்து வாசி பாப்பம். 'என்னாலே' எண்டு வாற இடத்திலை குரலைக் குறைக்காதை, எனக்குக் கேக்கவேணும். அவவைப் பற்றி நல்லதாய் எழுதின இடம் வந்தால் மட்டும் நிப்பாட்டு. கூடிப்போச்சோ எண்டு நான் ஒருக்காப் பாக்கவேணும்."